ஏழுமலைக்குப் போன லிங்க்

போன செவ்வாய்க்கிழமை காலை டீ கையிலேயே ஆறிப்போனது. காரணம் — ஒரு லிங்க்!

பட்டுப்புடவைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது என் தொழில். ஒருவருக்கு வரைந்ததை இன்னொருவர் கண்ணில் காட்டக் கூடாது. எங்கள் ஆரணியில் இதற்குப் பத்திரமோ கையெழுத்தோ கிடையாது. வாய்ச்சொல்தான். அது போனால் என்னிடம் யார் வருவார்கள்?

கண்ணமங்கலத்துப் பட்டு வியாபாரி ஏழுமலைக்கு அவருடைய மாங்காய் பார்டரை மட்டும் அனுப்ப நினைத்தேன். அனுப்பியதோ... மொத்த ஃபோல்டரின் லிங்க். இன்னொரு வியாபாரியான சேகர், தன் மகளின் முகூர்த்தப் புடவைக்கென்றே வரையச் சொன்ன அன்னப்பட்சி பார்டரும் அதில் இருந்தது!

கவனித்தபோது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டது.

"ஏங்க, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துகினு இருக்கீங்க?" என்றாள் மனைவி ஸ்டெல்லா. பள்ளிக்கூட ஆபீசில் வேலை. கம்ப்யூட்டரில் என்னைவிடக் கெட்டி.

சொன்னேன்.

"டிசைன் அவர் போனுக்குப் போவலங்க. எங்கியோ ஒரு ஊர்ல, கட்டடம் முழுக்க கம்ப்யூட்டரா வெச்சிகினு இருக்காங்க. அதான் கிளவுடு. அதுல நமக்கு ஒரு ரூம். ஃபைலு அங்கதான் இருக்குது. நீங்க குடுத்தது சாவி. பூட்ட மாத்துங்க!"

"அவரு டவுன்லோடு பண்ணியிருந்தா?"

"அப்ப அவர் வூட்டுக்கே போயிடுச்சின்னு அர்த்தம். ஜல்தியா மாத்துங்க!"

'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்றிருந்ததை மாற்றினேன். இரண்டே க்ளிக். கிளவுடில் போட்டால் ஃபைல் தொலையாது என்பது மட்டும்தான் இத்தனை நாளாக எனக்குத் தெரியும். யார் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டியதும் நாம்தானாம். உங்களுக்காவது தெரியுமா?

போனில் பேச எனக்குக் கூச்சம். ஏழுமலையின் எண்ணை மூன்று முறை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"அண்ணே, லிங்க் தொறக்க மாட்டேங்குது."

"தப்பா அனுப்பிட்டேங்க... முன்னாடி எதனா பாத்தீங்களா?"

"சேச்சே! ஒண்ணுமே பாக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த அன்னப்பட்சியப் பத்தி யார்கிட்டயும் மூச்சு வுட மாட்டேண்ணே."

நல்ல மனுஷன்தான். அதற்காக சேகரிடம் மறைக்கலாமா? மாலையில் நேரில் போய்ச் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"இனிமே உங்ககிட்ட டிசைன் குடுக்கறதப் பத்தி யோசிச்சு சொல்றேங்க" என்றார்.

பூட்டை மாற்ற இரண்டு க்ளிக். இதற்கு எத்தனை நாளோ!