மேல் வேலை, கீழ் வேலை

திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கும் அந்த லாரிப் பட்டறைக்குப் போர்டு கிடையாது. முனீர், உடையப்பன் பட்டறை என்றால் டிரைவர்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இருவரும் கூட்டாக ஆரம்பித்தது. இப்போது இரண்டு பேருக்கும் தலை நரைத்து, உடையப்பனுக்குத் தொப்பையும் முனீருக்குச் சர்க்கரையும் வந்துவிட்டன. இஞ்சினைப் பிரித்தால் மேலே இருக்கும் ஹெட்டும் வால்வும் உடையப்பனுக்கு. கீழே பிஸ்டனும் ரிங்கும் முனீருக்கு. ஒருவர் வேலையை மற்றவர் சோதித்துப் பார்ப்பதில்லை. செய்து கொடுத்த வண்டி கோளாறோடு திரும்பி வந்தால், யார் கை பிசகியதோ அவரே தனியாளாகச் சரிசெய்ய வேண்டும். அடுத்தவர் ஸ்பேனர் வைக்கக் கூடாது. அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். கொஞ்சம் வீறாப்பான சட்டம்தான், ஆனால் அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓட்டினார்கள்.

உடையப்பன் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள். கிணறு வற்றி, கூடப்பிறந்த தம்பியோடும் பேச்சு முறிந்து டவுனுக்கு வந்தவர். இங்கே சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முனீர் வீடுதான். நோன்புக் கஞ்சியில் முதல் தூக்குவாளி உடையப்பன் வீட்டுக்குத்தான் வரும். மாமா, மாப்ள என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள்.

தை மாதம் இஞ்சின் வேலை முடித்துக் கொடுத்த பழைய லாரி ஒன்று ஆவணியில் திரும்பி வந்தது. ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றும் காமராஜின் வண்டி.

"ஏனுங்ண்ணா, ஓட்டத்துல ஒண்ணும் தெரியலீங்க. நிறுத்திச் சும்மா ஓட விட்டா கேபினே நடுங்குதுங்க. புகையும் நீலமா வருதுங்க" என்றார் காமராஜ்.

உடையப்பனுக்கு ஒரு டீ கிளாஸ் ஞாபகத்துக்கு வந்தது. போன மழைக்காலத்தில், எல்லாரும் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்த கொதிக்கிற டீ கிளாஸை, முனீர் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள் விரலெல்லாம் கொப்புளம். கேட்டதற்கு, "சைலன்ஸர்ல கை பட்ருச்சு" என்று சொல்லிவிட்டார். பிஸ்டன் ரிங்கில் ஒரு பக்கம் சின்னதாக ஒரு மார்க் இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். முனீர் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. விரல் நுனியால் தடவி மாட்டிவிடுவார். அந்த விரல்கள்தான் சர்க்கரையில் மரத்துக்கொண்டிருந்தன. உடையப்பனுக்கு அது தெரிந்தது. வாய் திறந்து கேட்கத்தான் முடியவில்லை. வேலைதான் அந்த மனுஷனுக்குச் சோறும் தூக்கமும், அதைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆவார்?

கோளாறு வால்வாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தன் தப்பாகவே இருக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்ட மெக்கானிக் இந்த ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்த்தார். மற்றவற்றில் சத்தம் தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. அது வேலையே செய்யவில்லை. டீசலைப் பீச்சும் இஞ்செக்டரை மாற்றிப் போட்டும் அதே கதை. இஞ்செக்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் காற்றழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டினார். முனீர் கேபினில் ஏறி செல்ஃப் போட்டார். முள் பாதியைக்கூடத் தொடவில்லை.

இனி ஒரு சோதனைதான் பாக்கி. துளைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடியும் சுற்றினால், ஆயில் ரிங்கின் இடுக்கை அடைக்கும். முள் ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு.

"போடு மாமா" என்றார் உடையப்பன்.

முள் விறுவிறுவென்று ஏறியது.

"ஏறுச்சா மாப்ள?" கேபினிலிருந்து முனீர் குரல் கொடுத்தார்.

உடையப்பன் மீட்டரின் பித்தானை அமுக்கிக் காற்றை இறக்கிவிட்டார். "ஏறல மாமா. வால்வுதான். என் கைதான் பிசகிருச்சு."

முனீர் மெதுவாக இறங்கி வந்தார். வேர்த்து வடிந்த முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தன்னைப் போலவே அவரும் பயந்துகொண்டுதான் செல்ஃப் போட்டிருக்கிறார் என்பது உடையப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்புட்டுதானா? அப்ப நான் தொடக்கூடாது. ரெண்டு நாளு கொடைரோட்டுக்குப் போயி இஃப்பத்தையும் பேரப்பிள்ளையையும் பாத்துட்டு வாரேன்" என்று மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர் போனபிறகு உடையப்பன் ஹெட்டை இறக்கினார். வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் நிற்கும் சம்ப்பையும் கழற்றி மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்தார். இரண்டாவது ரிங்கில் மார்க் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயில் மேலே ஏறிக் கருகி, முதல் ரிங் அசையாமல் இறுகிப்போயிருந்தது. பட்டறையில் யாரும் இல்லை. உடையப்பன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து மற்ற பிஸ்டன்களையும் எடுத்துப் பார்த்தார். அவை சரியாகத்தான் இருந்தன.

முனீர் ஒரு பை பன்னீர் திராட்சையோடு திரும்பி வந்தபோது, லாரி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தம் நல்லாருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒழுகல் பார்க்க இஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். எடுத்த கையோடு பையிலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்தார். வாயில் போடப் போகும்போதுதான் விரலைப் பார்த்தார். சம்ப்பை மூடும்போது பூசுகிற கறுப்புப் பசை, ஈரமாக ஒட்டியிருந்தது. வால்வு வேலைக்குச் சம்ப்பைக் கழற்றுவார் யாரும் இல்லை. முனீர் வேஸ்ட் துணியை எடுத்து விரலை வெகுநேரம் துடைத்தார்.

அவர் கவனித்திருக்க மாட்டார் என்று உடையப்பன் தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறொரு இஞ்சின் வந்தது. முனீர் முக்காலியில் உட்கார்ந்து புது ரிங் டப்பாவைப் பிரித்தார். ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார்.

"மாப்ள, இங்க வா. மார்க்கு எங்க இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. மேலேதான் என்று சொல்ல உடையப்பனுக்கு வாய் வரவில்லை. "கீழ இருக்கு மாமா."

"அந்த லாரிலயும் இப்பிடித்தான் கெடந்துச்சா?"

உடையப்பன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அப்ப அது நான் செய்ய வேண்டிய வேலைதானே மாப்ள. கடைசியா ஒருவாட்டி, கண்ணால பாத்துப் பாத்தாச்சும் நானே சரி பண்ணிருப்பேன்ல. அதையும் நீயே செஞ்சிட்டியே."

ரிங்கை உடையப்பன் கையில் வைத்துவிட்டு முனீர் எழுந்தார். வாசல் குழாயடிக்குப் போய், சோப்பை எடுத்து, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரைப் போல முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். அன்று அவர் கையில் கிரீஸே படவில்லை.