பேருக்கொரு மணி

கீழ்வேளூர்க் கடைத்தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன் மரியபுஷ்பம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். வேலை முடிந்து எழுந்ததும் இன்னொரு முறை பார்ப்பாள். இரண்டு பார்வைக்கும் நடுவில் கழிந்ததுதான் அவள் விற்கும் சரக்கு.

மாதச் சம்பளத்துக்கு அவள் யாரிடமும் போகவில்லை. இரும்புக்கடை, உரக்கடை, அச்சகம் என்று நாலைந்து இடங்களுக்குப் போய்க் கணக்கு எழுதிக் கொடுத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொருவர் பேருக்கும் தனிச் சீட்டு. மாதக் கடைசியில் சீட்டைக் கூட்டிப் பில். அதில் ஒரு விதி உண்டு. உடைமணியை முழு மணியாகத்தான் ஏற்றுவாள். ஒரு பேருக்கு மூன்றேகால் மணி வேலை என்றால் பில்லில் நாலு.

இதற்காக இரும்புக்கடை ஜெகபர் அலி அவளைச் சீண்டாத நாளில்லை.

“ஏம்மா, இப்ப நான் தும்முனேனே, அந்த நேரமும் என் கணக்குலதான் ஏறுமா?”

“தும்முனது நீங்கதானே பாய். வேற யார் கணக்குல ஏத்துறது?”

சொல்லிவிட்டு அவள் சிரிக்கமாட்டாள். அவர்தான் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணுவார்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அப்பா பெரியநாயகசாமி, ரைஸ்மில் ரெத்தினத்துக்குச் சொந்தமான வாய்க்காலோரத் துண்டு ஒன்றைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்து போட்டுவிடுவார். ரசீது கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். குத்தகைக்காரர்கள் பேரைப் பதிவு செய்ய அரசாங்கம் ஆள் அனுப்பியபோது, சாவடியில் ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் ரெத்தினம் சொன்னார்:

“குத்தகையா? இவனா? மணிக்கணக்குக்கு வர்ற ஆளு சார் இவன். வந்த நேரத்துக்குக் காசு வாங்கிட்டுப் போயிருவான். மணிக்கணக்கு ஆளுக்கு மண்ணுல என்ன பாத்தியதை?”

கூட்டத்தில் யாரோ சிரித்தது அப்பாவோடு போயிருந்த மரியபுஷ்பத்துக்கும் கேட்டது. பெரியநாயகசாமியிடம் காட்ட ஒரு ரசீதுகூட இல்லை. அடுத்த குறுவைக்கு வேறொருவன் ஏர் பூட்டினான். அதன் பிறகு அவர் மாதா கோயிலுக்குப் போகக்கூட அந்த வரப்பை மிதிக்காமல் ரயிலடி வழியாகச் சுற்றிப் போனார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ரெத்தினம் மாலை அனுப்பியிருந்தார். மரியபுஷ்பம் அதைப் பிய்த்து மாட்டுக்குப் போட்டாள். அந்தத் துண்டு ரெத்தினத்தின் கையை விட்டுப் போக வேண்டும், யார் கைக்குப் போனாலும் சரி என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த நினைப்பு ஆறவே இல்லை.

பிறகு நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தது. ரெத்தினத்திடம் வரம்பைப்போல நாலு மடங்கு இருந்தது. ஒரு பங்கைத் தன் பேரில் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் மைத்துனர், சமையல்காரர், கார் டிரைவர் மருதையன் ஆகியோருடையது என்றார். நாலு பேரும் தனித்தனியே பயிர் செய்கிறார்கள் என்று காட்ட நாலு கணக்கு வேண்டும். அதை எழுத, வெளியில் வாய் திறக்காத ஆள் வேண்டும். மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“பெரியநாயகசாமி மவதானே நீ? பழசை மனசுல வச்சுக்கலையே?”

“வேலைக்கு வந்த இடத்துல அதெல்லாம் எதுக்குங்க?”

அவர் சொன்னதைச் சொன்னபடி நாலு கணக்காக எழுதினாள். மாதக் கடைசியில் வழக்கப்படி பேருக்கொரு பில் நீட்டினாள். ரெத்தினத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

“மருதையனுக்கு ரெண்டேகாலை மூணாக்கிட்டே. சமையக்காரனுக்கு ஒண்ணரையை ரெண்டாக்கிட்டே. எல்லாம் யார் பையிலேருந்து போவுதுன்னு நெனச்சே?”

“பேரு நாலுங்க. பேருக்கொரு பில். எல்லாருக்கும் அதான் விதி.”

“பேருதான் நாலு. ஆளு நான் ஒருத்தன்தானே? எல்லாத்தையும் கூட்டி என் பேர்ல ஒரே பில்லாப் போடு. உடைமணி ஒருதரம்தான் ஏறும்.”

மில் இரைச்சலில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது அவருக்குக் கேட்டிருக்காது.

“வாய்வார்த்தையாச் சொன்னா மறந்துருவேங்க. பில்லு அடிக்கட்டையில எழுதிக் கொடுத்துருங்க.”

அவர் பேனாவை வாங்கி எழுதினார்: ‘நாலு பேரில் உள்ள நிலமும் என்னுடையதே. ஒரே பில்லாகப் போடவும்.’ கீழே கையெழுத்து. இரண்டு மணிக் காசு மிச்சமான சந்தோஷத்தில் அவளுக்குக் காபிகூட வரவழைத்தார். அவள் குடித்தாள். குடித்த நேரத்தையும் சீட்டில் ஏற்றினாள்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. கூலி கேட்டு வயலில் கொடி நட்டவர்களை விரட்ட ரெத்தினம் வெளியூர் ஆட்களை இறக்கினார். அந்தச் செலவையும் அவள்தான் நாலாகப் பிரித்து எழுதினாள். மில்லில் எப்போதும் சன்னலைப் பார்த்தே உட்காருவாள். அங்கிருந்து வாய்க்காலோரத் துண்டு தெரியும்.

உச்சவரம்பு விசாரணை திருவாரூரில் நடந்தது. ரெத்தினம் அவளைச் சாட்சி சொல்லத் தன் காரிலேயே அழைத்துப் போனார்.

“நாலு பேரும் தனித்தனின்னு சொல்லிரு. உன்னை மாதிரி கோயிலுக்குப் போற பொண்ணு சொன்னா நம்புவாங்க.”

“பொய் சொல்லக் கூடாதுங்களே.”

“கோயில்லதான் சொல்லக் கூடாது. ஆபீஸ்ல சொல்லலாம்.”

பெரிய நிலச் சொந்தக்காரரான மருதையன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார்.

அதிகாரி நாலு கணக்கையும் புரட்டினார். விதை, உரம், கூலி எல்லாம் தனித்தனியே, அடித்தல் திருத்தல் இல்லாமல். ரெத்தினத்தின் வக்கீல் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூட்டை கட்டும் நேரத்தில் அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்:

“நாலும் நீங்க எழுதினதா? உங்க கூலியை நாலு பேரும் தனியாக் கொடுத்தாங்களாம்மா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சாவடியில் கேட்ட சிரிப்பு அவள் காதில் விழுந்தது. பையைத் திறந்து பில் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இல்லீங்க. ஒரே பில்லு. முதலாளியே எழுதிக் கொடுத்திருக்காங்க.”

அதிகாரி முதல் அடிக்கட்டையை உரக்கப் படித்தார். ரெத்தினம் எழுந்துவிட்டார்.

“அது சும்மா... காசு மிச்சம் பிடிக்கத்தான் சார்...”

“எவ்வளவு மிச்சமாச்சு?”

“மாசத்துக்கு ரெண்டு மணிங்க,” என்றாள் மரியபுஷ்பம். “சில மாசம் மூணு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை அவள் கடைசிவரை கேட்டாள்.

அவள் பஸ்ஸுக்காக நடந்தபோது கார் வந்து பக்கத்தில் நின்றது. ரெத்தினம் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“வீட்டுப் பொண்ணு மாதிரி நம்பினேனே! இன்னைக்கு நாளுக்கும் பில்லு போடுவியா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஆபீசுக்குள்ள இருந்தது என் சொந்த நேரங்க. அதுக்குப் பில்லு கிடையாது. காலையில உங்க கார்ல வந்தது மட்டும் அரை மணி. ஒண்ணா ஏறும்.”

தீர்ப்பு வந்து நிலம் பிரிந்தபோது, வாய்க்காலோரத் துண்டு நடவு ஆளான அம்சம் என்பவளின் பேருக்குப் போனது. மரியபுஷ்பம் கேட்கவுமில்லை, அவளுக்கு யாரும் கொடுக்கவுமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அந்த வரப்பு வழியாகத்தான் போனாள்.