கை தூக்காத கேரல்

டிசம்பர் வந்தாலே எனக்குத் தலைவலிதான். ஊரே ஸ்டார் கட்டும், கேக் வாங்கும். நான் மட்டும் பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட திண்டிவனத்துல பஸ் பிடிச்சு விழுப்புரத்துக்கு ஓடணும். ரெண்டு ஊருப் பாடகர் குழுவும் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு நிகழ்ச்சி நடத்துறோம். முன்னால நின்னு கையாட்டி எல்லாரையும் சேர்த்துக் கூட்டிக்கினு போறது என் வேலை. பாட ஆள் கெடைக்கும், வாசிக்க ஆள் கெடைக்கும், கையாட்ட மட்டும் ஒருத்தரும் வரமாட்டாங்க. "நீங்கதாங்க டீச்சர்"னு சொல்லிட்டு சமோசா திங்கப் போயிடுவாங்க.

எனக்குன்னு மேடை ஒண்ணு இருக்கு. திருவிழாத் தேர்ல மாதா சுரூபத்துக்கு அடியில வைக்கிற மரப்பெட்டி. அதுமேல ஏறி நின்னா நேரா முன்னால பொம்பளைங்க ரெண்டு வரிசை, ஆம்பளைங்க ரெண்டு பக்கமும். பொம்பளைங்களுக்குப் பின்னாடி வயலின், கீபோர்டு, கடைசியில கண்டாச்சிபுரம் பக்கத்துலேர்ந்து வர்ற பேண்டுக்காரங்க. கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் ட்ரம்பெட் ஊதுறவங்க. தெருவுல நடந்துக்கினே வாசிச்சுப் பழகினதால டிரம்மைக் காதால கேட்டுத்தான் போவாங்க. ஒருத்தர் கையைப் பாத்து ஊதுறதுன்னா அவங்களுக்கு ஒரே பேஜாரு. அதுக்காகத்தான் நான் எப்பவும் கையைத் தலைக்கு மேல தூக்கிப் பெருசா ஆட்டுவேன். ட்ராஃபிக் போலீஸுன்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும், கை தெரிஞ்சாத்தான் பாட்டு சேரும்.

இந்த வருஷம் கை தூக்க முடியல. சக்கரை இருக்கிறவங்களுக்கு வருமாம், தோள்பட்டை இறுகிப் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வலது கை மாருக்கு மேல ஏறாது. இடதும் அதே வழியில போய்க்கினு இருக்கு. தலை வாரிக்க எம் பொண்ணு வேணும். கரும்பலகையில கீழ்ப்பாதியிலதான் எழுதுறேன், கடைசி பெஞ்சுப் புள்ளைங்க எழுந்து நின்னு எட்டிப் பாக்குதுங்க. குழுவுல யாருகிட்டயும் நான் மூச்சு விடல. சொன்னா பாட்டை விட்டுட்டு என் மூஞ்சியப் பாத்து உச்சு கொட்டுவாங்க. எப்படியாவது இந்த ஒரு தடவை மானம் போகாம ஒப்பேத்திட்டு, ஆள விடுங்கடா சாமின்னு எறங்கிடணும். அது ஒண்ணுதான் என் வேண்டுதல்.

பயமெல்லாம் கடைசிப் பாட்டுதான். முடியறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே வெட்டா நிறுத்தணும். ஒரு மூச்சு நேரம் அமைதி. அப்புறம் பாட்டும் பேண்டும் ஒண்ணா வெடிக்கணும். அந்த எடத்துக்கு நான் ரெண்டு கையையும் மேல தூக்குவேன். அதுல இன்னொரு தொல்லை இருக்கு. மாதா கோயில் பூசையில சாமியார் ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கினா எழுந்து நின்னே பழகின சனம் எங்க சனம். வருஷா வருஷம் நான் கை தூக்குவேன், மொத்தக் கூட்டமும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கினு எழுந்துக்கும். சிலபேரு சிலுவை அடையாளமே போட்டுக்குவாங்க. அந்தச் சத்தத்துல முடிவு எப்படி வந்துச்சுன்னு ஒரு வருஷம்கூட எனக்குத் தெரிஞ்சதில்ல. மைக்ல சொல்லியும் பாத்தாச்சு. கேட்டாத்தானே!

ரிகர்சல்ல பேண்டு அந்த எடத்துல தனியா ஓடிடுச்சு. திருப்பித் திருப்பி எடுத்தும் அதே கதை. எங்க பாக்குறீங்கன்னு கத்தினேன். ட்ரம்பெட்காரர் தலையச் சொறிஞ்சாரு. திரும்பி வர்ற பஸ்ஸுல சன்னலோரம் சாஞ்சுக்கினு, இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்தத் தலைவலின்னு இருந்துச்சு.

நிகழ்ச்சி அன்னிக்குப் பெட்டி மேல ஏறி நிமிந்தா, பொம்பளைங்க ரெண்டு வரிசையும் நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருக்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"என்னம்மா கூத்து இது? உக்காந்துக்கினு பாடினா மூச்சு எங்கேருந்து வரும்? எழுந்திருங்க ஜல்தி"ன்னு பல்லைக் கடிச்சேன்.

நடுவுல இருந்தவங்க எங்க ஊருல தையல் கடை வச்சிருக்கிறவங்க. "கால் வலிங்க டீச்சர்"னாங்க.

அத்தனை பேருக்கும் ஒரே நாள்லயா? கூட்டம் பாத்துக்கினு இருக்கு, சண்டை போட முடியுமா? எக்கேடோ கெட்டுப் போங்கன்னு ஆரம்பிச்சேன்.

மூணாவது பாட்டுலதான் எனக்கு உறைச்சுது. கடைசியில நிக்கிற ட்ரம்பெட்காரரோட முகம் முழுசாத் தெரியுது. அவர் கண்ணு என் கை மேலயே இருக்கு. என் கை எங்க இருக்கு? வயித்துக்கு நேரா. முன்னால இருக்கிறவங்க நின்னிருந்தா அந்தக் கை அவருக்குத் தெரிஞ்சே இருக்காது. கால் வலியாம் கால் வலி! கண்ணைத் தொடச்சுக்கலாம்னா அதுக்கும் கை மேல ஏறணும். அப்படியே விட்டுட்டேன்.

கடைசிப் பாட்டு வந்துச்சு. நிறுத்தினாங்க, அத்தனை பேரும் ஒரே வெட்டா. தோள் அசையாம மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினேன். மொத்தமும் ஒண்ணா வந்து எறங்குச்சு. நான் கை தூக்காததால கூட்டத்துல ஒரு ஆள் எழுந்துக்கல, ஒரு நாற்காலி நகரல. கடைசி சுரம் மேல ஏறி, கூரைத் தகட்டுல பட்டு, மெல்ல அடங்கற வரைக்கும் நின்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் எங்க பாட்டோட முடிவை நான் கேட்டேன்.

கூட்டம் கலைஞ்சதும் பெட்டியிலேர்ந்து எறங்கறதுக்குத் தையல்கடைக்காரங்க கை குடுத்தாங்க. தோள் இழுபடாம முழங்கையைத்தான் தாங்கிப் பிடிச்சாங்க.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"எம் பொண்ணு உங்க கிளாஸ்தானங்க டீச்சர். போர்டுல கீழேயே எழுதுறீங்கன்னு சொல்லிச்சு."

இதோட நான் நிறுத்திக்கிறேன்மா, ஒடம்பு தாங்கலன்னு பஸ்ஸுலேயே வாக்கியத்தைத் தயார் பண்ணி வச்சிருந்தேன். சொல்லிடலாம்னு மூச்சையும் இழுத்தேன். அவங்க நாற்காலிங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கினே சொன்னாங்க: "அடுத்த வருஷம் குட்டைப் பெஞ்சு போட்டுக்கலாங்க டீச்சர். நாற்காலி கொஞ்சம் ஒசரமா இருக்குது."

"இன்னும் குள்ளமானதாப் பாருங்க"ன்னேன்.