கை தானா அழிச்ச மூஞ்சி

எங்க மேல் வீட்டுல இருக்கறவளை நாங்க எல்லாரும் ஸ்டூடியோன்னுதான் கூப்பிடுவோம். போட்டோ ஸ்டூடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் சுத்தம் பண்றது அவ வேலை. நாளைக்கு முப்பது நாப்பது மூஞ்சி. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ கருப்பு எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடுவா. நான் ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவுல பத்து வயசு குறைச்சுக் கொடுத்துட்டா. கவுண்டர்ல இருந்தவன் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "உங்க பொண்ணாம்மா?"ன்னு கேட்டான்.

ஊர் மூஞ்சியெல்லாம் துடைக்கறவ, தன் மூஞ்சியை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டா. கொரோனா முடிஞ்சு ஊரே மாஸ்க்கைக் கழட்டி எறிஞ்சப்புறமும் இவ கழட்டல. அவ குடிவந்து மூணு வருஷம் ஆச்சு. அவ மூஞ்சியில எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டு கண்ணும், இடது காதோரம் உளுந்து அளவு ஒரு மச்சமும்தான்.

அவ புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே பையன், சரக்குக் கப்பல்ல வேலை. கப்பல் கரைக்கு வந்தாதான் போன். அப்பவும் வீடியோவுல வந்தான்னா இவ போனை மல்லாக்க வெச்சுடுவா. அவன் பார்க்கறதெல்லாம் எங்க வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்த சீலிங் ஃபேன்தான். "ஃபேன் நல்லா இருக்காம்மா?"ன்னு கேப்பானாம். சொல்லிட்டுச் சிரிப்பா. சிரிக்கறது கண்ணுல மட்டும் தெரியும்.

ஒரு தடவை அவன், ரூம்ல ஒட்டி வைக்க உன் போட்டோ ஒண்ணு அனுப்பும்மான்னு கேட்டிருக்கான். இவ எடுத்து, துடைச்சு, அனுப்பிட்டா. அவன்கிட்டருந்து பதில் வந்துச்சு: "இது யாரும்மா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பான். ஆனா இவ அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு வாசல்ல உக்காந்து, மாஸ்க்கைக் கழட்டினா. தாடை பூரா பரு. பழசு போன இடத்துல எல்லாம் கருப்புப் புள்ளி. கன்னம் செவசெவன்னு இருக்கு.

"நாப்பத்திநாலு வயசுல யாருக்காவது பரு வருமாக்கா?"

"வந்திருக்கே. இவ்வளவு நாளா என்னத்தைப் போட்டே?"

"எலுமிச்சம்பழம். பல் தேய்க்கற பேஸ்ட்."

"சட்டியைக்கூட நான் அப்படித் தேய்க்க மாட்டேன்டி. கிளம்பு."

நானே தோல் டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். அந்தம்மா பார்த்துட்டு அசிலாயிக் ஆசிட்னு ஒரு கிரீம் எழுதினாங்க. ஆசிட்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "பாத்ரூமுக்கு ஊத்தறதையா மூஞ்சில போடச் சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டேன். அந்தம்மா கோவிச்சுக்கல. கோதுமை, பார்லியிலயே இருக்கற பொருள்தான், பருவுக்கும் செவப்புக்கும் அதனால வந்த கருப்புக்கும் சேர்த்து வேலை செய்யும்னாங்க. மூஞ்சியைக் கழுவி, நல்லாக் காஞ்சப்புறம், பட்டாணி அளவு. முதல் ரெண்டு மூணு வாரம் சுருக்குன்னும் அரிப்பாவும் இருக்கும், தாங்க முடியலன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். பகல்ல வெயில் தாங்கற கிரீம் போட்டே ஆகணும். "மூணு மாசம் பொறுமையா இருங்க. நடுவுல விட்டுட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க"ன்னு ஒரு அதட்டல் வேற.

முதல் வாரம் சுருக் சுருக்னு குத்துதுக்கான்னு வந்து நின்னா. ஈரத்தோட பூசியிருக்கா, அதுவும் இட்லிக்கு எண்ணெய் தடவற மாதிரி. திட்டி அனுப்பினேன். அப்புறம் ஒழுங்காப் போட்டா. வாராவாரம் சனிக்கிழமை ஸ்டூடியோவுல அதே ஸ்டூல், அதே லைட்டு, டைமர் வெச்சு தன்னைத்தானே ஒரு போட்டோ எடுத்துக்குவா. வித்தியாசம் தெரியணுமாம்.

ஏழாவது வாரம் திரும்ப மாஸ்க்கோட வந்தா. குப்பைக் கவரைக் கையில வெச்சிருந்தா. உள்ள அந்தக் கிரீம் ட்யூப், பாதிகூடத் தீரல.

"நிறுத்திட்டேன்க்கா. இருந்ததையும் கெடுத்துடுச்சு. பாருங்க."

போனை நீட்டினா. முதல் வாரம் எடுத்த போட்டோவுல மூஞ்சி பளிங்கு மாதிரி இருக்கு. ஏழாவது வாரத்துல அங்கங்க புள்ளி. பக்கத்துல பக்கத்துல வெச்சா எவளுக்கும் வயிறு எரியும்தான். நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். என்னமோ உறுத்துச்சு.

"ஏன்டி, உன் மச்சம் எங்க?"

"எந்த மச்சம்?"

"காதோரம் இருக்கே, உளுந்து. இந்தப் போட்டோவுல காணோமே."

வாங்கிப் பார்த்தா. அப்படியே உக்காந்துட்டா. போட்டோவைக் கம்ப்யூட்டர்ல திறந்ததும் கை தானாப் போய்த் துடைச்சுருக்கு. இருபது வருஷப் பழக்கம். அடுத்தடுத்த வாரம் கஸ்டமர் கூட்டத்துல கம்ப்யூட்டர் கிடைக்காம போன்லயே எடுத்துருக்கா, அதனால அதெல்லாம் தப்பிச்சுது. முதல் போட்டோவைத் துடைச்சதே அவளுக்கு ஞாபகம் இல்ல.

"கேமரால ஒரிஜினல் இருக்குமே?"

"அன்னிக்கே அழிச்சுட்டேன். வேணாத மூஞ்சிதானேக்கா."

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட உலகத்துல ஒரு சாட்சியும் இல்ல. கூட இருந்து பார்க்க வீட்டுல ஒரு ஆள் கிடையாது. கண்ணாடியைக்கூட ஒரு துண்டு போட்டு மூடித்தான் வெச்சிருந்தா.

"நான் பார்த்தேன்டி"ன்னேன். "அன்னிக்கு இதே வாசல்ல உக்காந்து கழட்டினியே. தாடையில கை வைக்க இடமில்ல. கன்னம் தக்காளி மாதிரி இருந்துச்சு. இப்ப மாஸ்க்கைக் கழட்டு."

கழட்டினா. பரு ரெண்டே ரெண்டு. செவப்பு அடங்கியிருந்துச்சு. கருப்பு இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா வெளுத்துக்கிட்டு வருது.

"நிஜமாவாக்கா?"

"உன்னை சந்தோஷப்படுத்த எனக்கு என்ன வேண்டுதலா? என் வாயிலருந்து நல்ல வார்த்தை வர்றதே அபூர்வம்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், கேட்டுப் பாரு."

ட்யூபை எடுத்துக் கழுவிட்டு மேல போனா.

மூணு மாசம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை காலையில, மொட்டை மாடியில துணி காயப்போட வந்தா. மாஸ்க் இல்ல. நான் என் போனை எடுத்து, "அந்தப் பக்கம் திரும்பு"ன்னேன். அவ தலையைச் சரி பண்றதுக்குள்ள அமுக்கிட்டேன். தோள்ல ஈரத்துண்டு, தாடையில மங்கலா நாலஞ்சு புள்ளி, காதோரம் மச்சம்.

"குடுங்கக்கா, கொஞ்சம் லைட்டு மட்டும்..."

"கையை எடு. பையன் நம்பரைச் சொல்லு."

நானே அவ பையனுக்கு அனுப்பிட்டு, அவ போனுக்கும் ஒண்ணு அனுப்பினேன். வாட்ஸப்புல ஒரு டிக்தான் விழுந்துச்சு, அவனுக்கு இன்னும் போய்ச் சேரல. கப்பல் நடுக்கடல்ல இருக்கும்.

இன்னியோட பதினோரு நாள். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை எங்க வாசல்ல நிக்கறா. அனுப்பின போன் என்கிட்டதானே இருக்கு.

"போச்சாக்கா?"

"இன்னும் ஒரு டிக்தான்."

தலையாட்டிட்டு மாடி ஏறிப் போறா. மேல ஃபேன் போடற சத்தம் கேட்கும். மூஞ்சி கழுவற தண்ணிச் சத்தம் கேட்கும். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் கேட்காது. மூஞ்சி காஞ்சாத்தானே கிரீம் போடலாம், சும்மா உக்காந்திருப்பா.