எக்கோவை எடுத்த அன்று

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் வீடியோ எடிட்டிங் கடை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, முதலாளி அதைத் தொடவிட்ட முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, மறுப்பதற்கில்லை.

முதலாளிக்கு எக்கோ என்றால் உயிர். கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீடியோவானாலும் சத்தத்தின்மேல் எக்கோவை, அந்த எதிரொலியை, ஏற்றச் சொல்வார். "அது இல்லேன்னா மொட்டையா கீதும்மா. பாக்கறவனுக்கு கிராண்டா இருக்க வேணாம்?" என்பார். நானும் யோசிக்காமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தியின் பரதநாட்டியக் கேசட் வந்தபோதும் அப்படியே செய்தேன். மறுநாள் காலை அவளே வந்து நின்றாள். "நேத்து ஆத்துல போட்டுப் பார்த்துண்டிருந்தோம். தாளம் ரெண்டு ரெண்டா கேக்கறது. நான் தப்பா ஆடறாப்ல இருக்கு." வெளியூர் நாட்டியப் பள்ளி ஒன்றில் சேர அவள் விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கேசட்டைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். அன்றே சாயங்காலம் ஐந்து மணிக்குள் கூரியரில் போயாக வேண்டும்.

போட்டுக் கேட்டேன். நட்டுவாங்கத் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் இன்னொரு தட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கால் எதனோடு சேர்ந்தது என்றே தெரியவில்லை. ஐந்து வருஷம் பாட்டுக் கற்றவள் நான். வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு ரெண்டு கல்யாணம் முடிக்கணும். இத்த அப்பால பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

"கெடுத்தது நான் சார். சரி பண்ணாம எழுந்திருக்க மாட்டேன்."

எழுந்திருக்கவும் இல்லை. எக்கோவை எடுத்ததும், அவள் ஆடிய சபாவின் மின்விசிறி இரைச்சல் பல்லைக் காட்டியது. அதைக் குறைத்தால் மிருதங்கமும் சேர்ந்து அமுங்கியது. ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவு வைத்தேன். ஒரு மாற்றம் செய்தால் அதைக் கேட்பதற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டிய காலம் அது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாலு மணிக்கு எல்லாம் சுத்தமாகிவிட்டது. ஆனால் கடைசித் தீர்மானத்தில், ஆட்டத்தை முடித்துவைக்கும் ஜதிக்கோவையில், முத்தாய்ப்பான அந்த ஒரு தட்டில், அவள் கால் நிஜமாகவே தாமதமாக விழுந்திருந்தது. அதுவரை எக்கோ அதை மறைத்திருந்தது. எனக்கு அது ஒரு வேலையே இல்லை. அந்தத் துண்டின் ஒலியை மட்டும் மூன்று ஃபிரேம், நொடியில் எட்டில் ஒரு பங்கு, தள்ளி வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

காலையிலிருந்து போகாமல் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

"இந்த இடத்துல நான் லேட் ஆச்சே?"

"நகர்த்திட்டேன். யாருக்கும் தெரியாது."

"பழையபடியே வெச்சுடுங்கோ."

"இதனாலயே உங்களை எடுக்காம போயிடலாம்."

"போனா போகட்டும். நீங்க பண்ணின தப்பை எடுக்கச் சொல்லித்தான் வந்தேன். என்னோடதை எடுக்கச் சொல்லலையே?"

சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தவள் நான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபின் திரைப் பக்கம் திரும்பினேன். மூன்று ஃபிரேமையும் திரும்ப இழுத்து வைத்து, ஓட்டிக் காட்டினேன். தாளம் விழுந்தது. பிறகு அவள் கால் விழுந்தது.

"இது நான்தான்" என்று சொல்லிக் கேசட்டுக்காகக் கையை நீட்டினாள்.