முன்னால் நின்ற பெயர்

கண்டி பஸ் நிலையத்துக்கு எதிரில் மருந்துக்கடை திறந்தவர்கள் பலர். நிலைத்தவர் மர்சூக் ஹாஜியார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மருந்துப் பெட்டி சுமந்து, சொந்தக் கடை போட்டு நாற்பது வருஷமான மனிதர். கண்டி நகரமே சாட்சி. கடைக்குக் கம்பியூட்டர் புரோகிராம் எழுதிய கைரியாவுக்கு அவர் போட்ட கட்டளை ஒன்றுதான்: கடைப்பெயர் உள்ள திரை எப்போதும் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

“ஹாஜியார், புரோகிராம்ல வியூ மொடல்ண்டு ஒரு பகுதிதான் யோசிக்கும். விண்டோ, சின்னத் திரை ஒண்டு வேணும்ண்டு அது கேக்க, வேறொரு பகுதி தொறக்கும். உங்கட பேரு எப்பவும் முன்னுக்கு நிண்டா, புதுசா தொறக்கிறது பின்னுக்குப் போய்டும்.”

“என்ட பேருக்குப் பின்னுக்கு எது போனாலும் நட்டமில்ல மகள்.”

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், புசல்லாவை பஸ்ஸைப் பிடிக்க வந்த கஜலட்சுமி, காய்ச்சலில் துவண்ட மகளோடு கடைக்குள் நுழைந்தாள். மருந்தாளர் றுமைஸா டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைப் பார்த்துப் பிள்ளையின் பெயரை அடித்தாள். திரை அசையவில்லை. எதை அமத்தியும் அசையவில்லை.

“பஸ்ஸு போயிரும் மொதலாளி.”

“கம்பியூட்டர் பாக்காம குடுக்கேலா ஹாஜியார்,” என்றாள் றுமைஸா.

“கம்பியூட்டர் பொறக்க முந்தி மருந்து குடுத்தவன் நான்.” கையால் பில் எழுதி, பொதியைத் தாமே நீட்டினார். கஜலட்சுமி பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

றுமைஸா விடவில்லை, கைரியாவுக்குப் போன் போட்டாள்.

“அது ஸ்டக் ஆகல்ல. பின்னுக்கு ஒரு விண்டோ தொறந்து, பதிலுக்குப் பாத்துக்கொண்டு ஈக்கி. நான் சொல்ற பட்டன அமத்திட்டு, அம்புக்குறியால வலப்பக்கம் தள்ளுங்கோ.”

கடைப்பெயரின் பின்னாலிருந்து சிவப்பு ஓரம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது. பிறகு எழுத்துகள்: பென்சிலின் ஒவ்வாமை. போன தடவை மூச்சு முட்டியது.

பொதியில் இருந்தது அமொக்சிசிலின், பென்சிலின் இனம்.

அறுபத்தெட்டு வயதில் ஹாஜியார் ஓடினார். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. புசல்லாவை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோர இருக்கையில் பிள்ளையின் உள்ளங்கையில் கெப்சூல். தாய் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி, அந்தச் சின்னக் கையைப் பொத்திப் பிடித்தார்.

“குடுக்காத தங்கச்சி. எறங்கு.”

“ஏன் மொதலாளி, மாத்திக் குடுத்துட்டீங்களா?”

நாற்பது வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்ட பிழ. இந்தப் புள்ளைக்கு ஆகாத மருந்து. கம்பியூட்டர் சொல்லிச்சு, என்ட பேரு அத மறச்சிட்டுது.”

டொக்டரிடம் கேட்டு வேறு மருந்து கொடுத்து, தாயையும் பிள்ளையையும் தம் வேனிலேயே புசல்லாவைக்கு ஏற்றிவிட்டு, கைரியாவைப் போனில் பிடித்தார்.

“மகள், என்ட பேர பின்னுக்கு எடு.”

“எவ்வளவு பின்னுக்கு ஹாஜியார்?”

ஹாஜியார் திரையிலிருந்த கடைப்பெயரைப் பார்த்தார்.

“எச்சரிக்கைக்குப் பின்னுக்கு. மத்த எல்லாத்துக்கும் முன்னுக்கே நிக்கட்டும்.”