ஜாஸ்மின் பெயரில் ஒரு சிலந்தி

முடிச்சூர் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஜாஸ்மினுக்குப் பதினாறு வருஷ வேலை. காலையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்களைப் பார்ப்பாள். மதியம் கூட்டம் குறைந்ததும், காம்பவுண்டுச் சுவரிலும் அடையாற்றுக் கரைப் புதரிலும் பிடித்து வந்த தாவும் சிலந்திகளைப் பார்ப்பாள். ஒவ்வொன்றும் நெல்மணி அளவுகூட இருக்காது.

விலங்கியல் படித்தவள். உடன் படித்த சத்தியநாதன் இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியர். இதையெல்லாம் அவனோடுதான் பேச முடிந்தது.

இந்தச் சிலந்திகளில் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு, இருந்தது. சின்னதாய், பழுப்பாய் எது கிடைத்தாலும் பழைய ஆராய்ச்சியாளர்கள் அதில் தள்ளியிருந்தார்கள். ஆண் சிலந்தியின் வாயோரம் இரண்டு குட்டிக் கைகள் உண்டு. அவற்றின் நுனியில் இருக்கும் கொக்கியை வைத்துத்தான் எது எதற்கு உறவு என்று பிரிப்பார்கள். எட்டு வருஷம் வரைந்து வரைந்து பார்த்ததில், அதிலிருந்த ஐந்து இனங்களின் கொக்கி வேறு மாதிரி என்று ஜாஸ்மின் கண்டாள். அவை தனிப் பேரினம் என்றாள். சத்தியநாதன் இரண்டு நாள் உட்கார்ந்து சரிபார்த்தான். கட்டுரையை நான் எழுதுகிறேன், இரண்டு பேர் பெயரும் வரும் என்றான். நாற்பத்து மூன்று படங்களையும் அவனிடம் கொடுத்தாள். அதில் ஒரு பெண் சிலந்தியின் படத்தோரம் மட்டும், ‘நிறம்தான் வேறு, புது இனமா தெரியவில்லை, குஞ்சு வளர்த்துப் பார்க்கணும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.

போன வருஷம் கட்டுரை வந்தது. லிங்க்கை அவனே வாட்ஸப்பில் அனுப்பினான். மேலே ஒரே பெயர், சத்தியநாதன். அவள் சந்தேகப்பட்ட அந்தப் பெண் சிலந்தியைப் புது இனம் என்று அறிவித்து, அதற்கு ஜாஸ்மின் பெயரை வைத்திருந்தான். கூட வேலை பார்க்கும் ஜெயசீலி விஷயம் தெரிந்து கேக் வாங்கி வந்தாள். ஜாஸ்மின் ஒரு துண்டு தின்றாள். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

எந்த நிறுவனம் என்று பத்திரிகையில் கேட்பார்கள், ரத்தப் பரிசோதனை நிலையம் என்றா போட முடியும் என்றான் சத்தியநாதன். அவனுக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷமாம்.

“ஒரு உயிருக்கே உன் பேரை வச்சிருக்கேன் ஜாஸ்மின். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?”

“மரியாதை கேட்டு நான் வரல, சத்தியா. நான் செஞ்ச வேலையில என் பேரு எங்க?”

டீ சொல்லவா என்று கேட்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள். ரயிலில் இடம் இருந்தும் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

பிறகு அதே நிறத்தில் ஒரு பெண் சிலந்தியைப் பிடித்தாள். அது இட்ட முட்டைகள் பொரிந்ததும், வாழைப்பழ ஈக்களைப் போட்டுக் குஞ்சுகளை வளர்த்தாள். ஏழு மாசத்தில் முப்பதில் ஒன்பது பிழைத்தன. ஆண்களின் கொக்கியைப் பார்த்தால், ஏற்கெனவே பெயருள்ள பழைய இனம். அவள் பெயரில் தனிச் சிலந்தி என்று ஒன்றே கிடையாது. அதை இரண்டு பக்கத்தில் எழுதி, நிறுவனம் என்ற இடத்தில் வீட்டு விலாசத்தைப் போட்டு, வேறொரு பத்திரிகைக்கு அனுப்பினாள். மறுபேச்சில்லாமல் போட்டார்கள்.

சத்தியநாதன் போன் செய்தான். “உன் பேரை நீயே அழிச்சிட்டியே.”

“தப்பா இருந்தது,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் பிரித்துக் காட்டிய பேரினம் நிலைத்தது. உலகச் சிலந்திகளின் பட்டியலில் அதற்கு எதிரே, முதலில் அச்சில் வெளியிட்டவன் என்று சத்தியநாதன் பெயர்தான் இருக்கிறது. இனி அது மாறாது. புதிதாய் எது கிடைத்தாலும் ஜாஸ்மின் இப்போது அவனிடம் காட்டுவதில்லை. காட்ட வேறு ஆளும் இல்லை.